கோடை உனக்கு, மழை எனக்கு

மார்ச் 7

பிரிந்துபோன இரண்டு பேரில் நண்பர்கள் யாருக்குச் சொந்தம்? ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிடுவது தண்ணீர் சோதிக்கிற எங்கள் ஆய்வகத்துப் பழக்கம். உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

பதிலை மற்றவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். போன ஞாயிறு பல்லு தன் பல் கிளினிக்கில் நோயாளிகளை அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டிருந்தான். உட்கார வேறு இடமில்லாததால் நான் அந்தச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி தீர்ப்பைக் கேட்டேன். அவன் மனைவி சுவர்க் காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கோடையில் போகிற சைக்கிள் பயணம் உனக்கு. மழை ஓய்ந்த பிறகு போகிற பயணம் எனக்கு. ஒருவர் வருகிற பருவத்தில் மற்றவர் வரக்கூடாது.

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிரிந்த பிறகும் நாகரிகமாக நடந்துகொள்வோம் என்று போன நவம்பரில் நாம் இருவரும் சேர்ந்தே போனோமே, அது எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. விடுதிக்காரர் பதினெட்டு வருடப் பழக்கத்தில் ஒரே சாவியை நம் பக்கம் தள்ளினார். நீ கூரையைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன். பல்லுவின் மனைவி ஓடிப்போய் இன்னொரு சாவி கேட்டாள். அதன் பிறகு மூன்று நாளும் எல்லோரும் துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார்கள்.

நரையண்ணன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கவில்லை. கல்லூரி முடித்த கையோடு நம்மையெல்லாம் சைக்கிளில் ஏற்றிவிட்டவர் அவர். இந்தக் கூட்டத்தைக் கட்டியதும் அவர்தான். தனக்குச் சம்பந்தமில்லாத ஊர்ப் பஞ்சாயத்து போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காது பக்கம் லேசாக வளைத்துச் சரிசெய்து கொடுத்தார். கண்ணாடிக் கடைக்காரப் புத்தி எங்கேயும் போகாது.

உனக்குச் சம்மதமா என்று எழுது.

கூடாரத்தின் துணி உன் சாமான்களோடு போய்விட்டது. கம்பிகள் இங்கே பரணில் இருக்கின்றன.


மார்ச் 24

தண்ணி டாக்டருக்கு,

சம்மதம். பல்லைப் பிடுங்காமல் அனுப்பினார்களே, அதுவே பெரிய காரியம். சொத்து, நகை, பாத்திரம் என்று பங்கு வைத்துக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெயிலையும் மழையையும் பங்கு வைத்தது நம் குடும்பத்தில்தான். எனக்கு வெயிலை ஒதுக்கியது யார் யோசனை? பல்லுவாகத்தான் இருக்கும். வியர்த்தால் நான் அழகாக இருப்பேன் என்று அவனுக்கு எண்ணம்.

என் அறை ஒரு தையல்கடையின் மேலே. பகலெல்லாம் மிஷின் சத்தம். பகலில் நான் இருப்பதில்லை என்பதால் வாடகை குறைவு. வேலை இதுதான்: பாலத்துக்கு அடியில் கூண்டில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் மந்தமாகச் சொல்லும். அங்கே சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். இந்தப் பாலத்தில் வட்டங்கள்தான் அதிகம், பாலம் கொஞ்சம்.

போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நீ சொன்னது சரி. போனில் நான் கத்துகிறேன், நீ பேச்சை நிறுத்திவிடுகிறாய். கடிதத்தில் நீ பேசுகிறாய். கத்தத்தான் எனக்கு வழியில்லை.

கம்பிகளை அனுப்பாதே. துணியைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். மழை வாசனை இன்னும் போகவில்லை.


மே 20

கோடைப் பயணம் முடிந்தது. முறைப்படி அறிக்கை தருகிறேன்.

நான் வழக்கம்போலக் கடைசி ஆள். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கிக் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அடுத்த திருப்பத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கோபத்தை வெளியே காட்டாமல் காத்திருக்க யாரும் இல்லை. அது ஒரு சௌகரியம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

இரண்டாம் நாள் பார்த்தால் எனக்கும் பின்னால் ஒருவர் வருகிறார். நரையண்ணன். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் தள்ளி நான் பார்த்ததே இல்லை. "என்னண்ணே, வயசாயிடுச்சா?" என்று கேட்டேன். "வயசு இல்லடா, ரோட்ட நீட்டிட்டாங்க" என்றார். சிரித்தேன். சிரித்தபிறகு அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கொஞ்ச தூரம் நானும் இறங்கித் தள்ளினேன்.

வழியில் உன்னைப் பற்றிக் கேட்டார். கடிதம் போடுகிறாள், நன்றாக எழுதுகிறாள் என்றேன். ஏன் பிரிந்தோம் என்று முதல்முறையாகக் கேட்டார். யோசித்துப் பார், நமக்குள் ஒரு சண்டை கூட உருப்படியாக நடந்ததில்லை. ஒரு தட்டை உடைத்தோமா? கடைசியில், வேலை வெளியூரில் கிடைத்துவிட்டதண்ணே என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தப்பான பவர் போட்ட கண்ணாடியைப் பார்ப்பது போல.

பல்லு இரண்டு தடவை பங்க்சர். அவன் மனைவி ஒரு தடவை கூட இறங்கவில்லை. விடுதியில் எனக்குத் தனி அறை. விடுதிக்காரர் உன்னை விசாரித்தார். நீ வேலையாக இருக்கிறாய் என்றேன். அது பொய்யில்லை அல்லவா?


ஜூலை 2

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதைச் சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

நரையண்ணனின் நுரையீரல் கெட்டித்துக்கொண்டு வருகிறது. காரணம் தெரியாது என்றாராம் டாக்டர். திரும்பி வராது என்பது மட்டும் தெரியுமாம். நேற்று மாலை வீட்டுக்கு வந்திருந்தார். மாடிப்படி ஏறி வந்தபிறகு பேச்சைத் தொடங்க வெகு நேரம் பிடித்தது. தண்ணீர் கொடுத்தேன். நம்பிக்கை வைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. நான் கேட்கமாட்டேன் என்பதால்தான் முதலில் என்னிடம் வந்ததாகச் சொன்னார்.

மழை ஓய்ந்த பிறகு போகிற பயணத்துக்கு வந்துவிடுவாராம். அதற்கு அடுத்த கோடையைப் பற்றி அவர் பேசவில்லை. போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார். "இந்தத் தடவை ரெண்டு பேரும் வாங்கம்மா. ஒண்ணா ஓட்ட வேணாம். ஒரே ரோட்ல ஓட்டுனாப் போதும்."

பதிலை உனக்கு எழுதுகிறேன்.

நம் இருவராலும் சேர்ந்து போக முடியாது. போனால் அவருக்காக நாம் நன்றாக இருப்பது போல இருக்க வேண்டும். சாகப்போகிற மனிதர் முன்னால் நடிக்க எனக்கு வராது. அவர் கண்ணில் அது தப்பவும் தப்பாது. ஊர்க் கண்களையெல்லாம் அளந்தவர். ஆகையால் ஒருவர்தான் போக முடியும். மழை என் பங்குதான். ஆனால் அவர் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தது நீ. நீ போ. நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.


ஜூலை 19

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. கீழே மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். "ரோட்ட நீட்டிட்டாங்க" என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன், தெரியுமா உனக்கு? பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தேன்.

அவருக்கு எழுதினேன். மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை.

ஆனால் நீ ஒதுங்குவதை ஒப்புக்கொள்ளமாட்டேன். படியேறி வந்து அவர் கேட்டது உன்னிடம். உன் பருவத்தில் உன்னைத் தள்ளிவிட்டு நான் போய் நிற்க வேண்டுமா? நாளைக்கு நீ சும்மா இருப்பாய். உன் மௌனம் சும்மா இருக்காது. விட்டுக்கொடுப்பதிலும் நீதான் ஜெயிக்க வேண்டும் உனக்கு.

இங்கே வேலைக்கு வருவதற்கு முன் உன்னிடம் வந்து நின்றேனே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று? நீ பரிசோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டே "உன் இஷ்டம்" என்றாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தத் தையல்கடை மாடி எனக்கெதற்கு?


ஆகஸ்ட் 8

நீ போக விரும்பினாய் என்று நினைத்தேன். முகத்தில் அப்படித்தான் இருந்தது. போகாதே என்று சொல்லி உன்னை நிறுத்தினால் வாழ்நாள் முழுவதும் அந்தக் கணக்கு என் தலையில் ஏறும் என்று பயந்தேன். திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் வேறு. அதை எழுதமாட்டேன். நீ இருபது வருடம் கூட இருந்தவன். ஊகித்துக்கொள்.

நீ மட்டும் என்ன செய்தாய்? போகட்டுமா என்று கேட்டாய். போக வேண்டாம் என்றிருக்கிறது, ஆனால் வேலை நல்ல வேலை, என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. முடிவை என் கையில் கொடுத்துவிட்டு, நான் அதை உன் கையில் திருப்பிக் கொடுத்ததும் புண்பட்டுப் போனாய்.

இதில் யார் சரி என்று நிரூபிக்க முடியாது. மாதிரி கெட்டுப்போய்விட்டது. மறுபடி சோதிக்க வழியில்லை.

நரையண்ணன் கடையை அரை நாள்தான் திறக்கிறார். போன வாரம் போனேன். பயண வழியை வரைந்து வைத்திருந்தார். ஏற்றம் இல்லாத வழி. ஆற்றோரமாகவே போகிறது. எத்தனை பேர் வருகிறோம் என்று பல்லு கேட்டதற்கு ஐந்து என்று சொல்லியிருக்கிறார். நான் எண்ணிக்கையைத் திருத்தவில்லை.


அக்டோபர் 12

முடிவாக எழுதுகிறேன். 24ஆம் தேதி சனிக்கிழமை காலை, பழைய சுங்கச்சாவடி வாசலில் எல்லோரும் கூடுகிறார்கள். நான் போகமாட்டேன். நீ போ. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பல்லுவின் மனைவி வந்து அழுவாள். என் இடத்தில் நீ வந்து நின்றால் அதுவே அவர்களுக்குப் பதில்.

குளிர் தொடங்கிவிட்டது. அவர் பக்கத்திலேயே ஓட்டு. பாலங்களில் நிற்காதே.


அக்டோபர் 12

தண்ணி டாக்டருக்கு,

யோசித்துவிட்டேன். மழை உன் பங்கு. கேட்டதும் உன்னிடம். நான் வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை, விட்டால் பல்லு போன் போட்டே கொன்றுவிடுவான். நீ போய் நில். அவரிடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்.

மாற்று டியூப் இரண்டு எடுத்துக்கொள். அவர் மெதுவாகத்தான் வருவார். திருப்பத்தில் காத்திரு. உனக்குப் பழக்கம்தானே.


நவம்பர் 1

உன் கடிதம் 18ஆம் தேதியே கிடைத்தது. என் கடிதமும் உனக்கு அப்போதே கிடைத்திருக்கும். இரண்டு பேருமே போகவில்லை என்று இந்நேரம் உனக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் நினைத்ததை எழுதிவிடுகிறேன். நான் வரமாட்டேன் என்று படித்த பிறகு இவன் எப்படியும் போய்விடுவான் என்று நினைத்தேன். என் கடிதத்தைப் படித்துவிட்டு நீயும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பாய். ஒருவர் போனை எடுத்திருந்தால் போதும். போன் வேண்டாம் என்று ஒப்பந்தம் செய்திருந்தோம். ஒப்பந்தத்தை மதிக்கிறவர்கள் நாம்.

சனிக்கிழமை காலையில் போனை அணைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். விடுமுறை நாள். பூட்டிய கட்டடத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாத தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

மற்றதைப் பல்லுவின் மனைவி வந்து சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நரையண்ணன் எல்லோருக்கும் முன்பே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். கிளம்பலாமா என்று பல்லு கேட்டதற்கு, இருடா என்றிருக்கிறார். வெயில் ஏறியது. மறுபடி கேட்டதற்கும் இருடா. கடைசியில் அவராகவே எழுந்து சைக்கிளில் ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இறங்கிவிட்டார். கோபமில்லையாம். பல்லு காரை எடுத்து வரப் போயிருந்தபோது இவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "ரெண்டு பேரும் வரமாட்டாங்கன்னு தெரியும். ஒருத்தராவது வருவாங்கன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொடவில்லை. கடையும் மூடியிருக்கிறது. அவர் தங்கை வந்து கூட இருக்கிறாள். கடைக்கு மேலே இருக்கிற அறையில் படுக்கை போட்டிருக்கிறார்கள். நான் இரண்டு முறை போனேன். என்னைப் பார்த்ததும் என் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன்னைப் பற்றியும் கேட்கவில்லை.


நவம்பர் 9

படித்தேன்.

நாலு முறை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். வேடிக்கையாக எழுத வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

அன்று நான் பாலத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஆறு கீழே ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் இவள் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்து, சந்தோஷமாகக்கூட இருந்தேன். பெரிய மனது பண்ணிவிட்டோம் என்று.

அவர் திட்டி ஒரு கடிதம் போடமாட்டாரா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீயாவது திட்டு.

நான் அங்கே வரலாமா? உன்னைக் கேட்கக் கூடாது என்று தெரிகிறது. ஆனாலும் கேட்டுவிட்டேன் பார்.


நவம்பர் 13

வா.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று நானும் அங்கே இருப்பேன். அதற்கு முன் வர முடிந்தாலும் வா, நான் இருப்பேன். நீ வா, நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. நானும் இருப்பேன் என்று அர்த்தம். இரண்டு முறை எழுதிவிட்டேன். போதும் என்று நினைக்கிறேன்.


நவம்பர் 21

இதைத் தபாலில் போட நேரமில்லை. நாளைக் காலைப் பேருந்தில் வருவதாக எழுதிய உன் ஒரு வரி இன்றுதான் வந்தது. கையில் கொடுப்பதற்காக எழுதுகிறேன். நேரில் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

நீ பார்க்கப் போவது போன கோடையில் பார்த்த மனிதர் அல்ல. மூக்கில் குழாய் இருக்கும். ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார். நடுவில் நீ முடித்து வைக்காதே, அவருக்குப் பிடிப்பதில்லை. இன்று மாலை நீ வரப்போவதைச் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

டாக்டர் நாட்களைச் சொல்லவில்லை. ஆனால் அவர் தங்கை கூடத்தில் இருந்த மேசையை ஒதுக்கிவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நாளை அவர் விழித்திருக்கும்போது நாம் இரண்டு பேரும் அந்த அறையில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நம்மைப் பற்றி வேறெதுவும் நாளை பேச வேண்டாம். நடிப்பாகிவிடுமே என்ற பயம் இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.


நவம்பர் 22

நேற்று எழுதியதை உன் கையில் கொடுக்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கியபோது நீ இளைத்திருந்தாய். கொடுக்கத் தோன்றவில்லை. இப்போது அதே தாளில் இன்று நடந்ததை எழுதித் தபாலில் அனுப்புகிறேன். பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நாம் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பிறகு ஆக்சிஜன் வண்டி வந்தது. சிலிண்டரை மேலே கொண்டுவரமாட்டேன் என்று வண்டிக்காரர் சொல்ல, நீ கீழே போனாய். அப்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"அவன் வரலையா?"

"வந்துட்டான்ணே. கீழ சிலிண்டர் எடுக்கப் போயிருக்கான்."

"ஒருத்தனாவா? நீயும் போ. இடுப்பப் புடிச்சுக்கும் அவனுக்கு."

அவர் சொல்லித்தான் கீழே வந்தேன். ஏன் வந்தாய் என்று நீ படியில் கேட்டபோது சும்மா என்று சொன்னேன். அவர் விழித்துவிட்டார் என்று சொன்னால் நீ சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடுவாய் என்று பயம்.

மற்றது உனக்குத் தெரியும். சாய் என்றாய் நீ. சாய்த்தால் வால்வு சுவரில் இடிக்கும் என்றேன் நான். பதினெட்டு வருடம் சைக்கிளை ரயிலில் ஏற்றினவனுக்கு நீ சொல்லித் தர வேண்டாம் என்றாய். ஏற்றினது நான், பிளாட்பாரத்தில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது நீ என்றேன். திருப்பத்தில் சிலிண்டர் சிக்கிக்கொண்டது. நீ கத்தினாய். நானும் கத்தினேன். அவர் தங்கை மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அறைக்குள் வந்தபோது அவர் மறுபடி கண்ணை மூடியிருந்தார். நீ காத்திருந்தாய். நானும். எழுப்ப வேண்டாம் என்று நீதான் சொன்னாய். மாலைப் பேருந்துக்கு நேரமாயிற்று. நீ அவர் காலைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாய். நடுவில் அவர் விழித்ததை அப்போதும் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் உன்னால் போயிருக்க முடியாது.

நீ போன பிறகு சிலிண்டரை மாற்றினோம். ஜன்னலை மூடப் போனேன். "போயிட்டானா?" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன்.

போய்விட்டான், உங்களோடு பேசாமலே போய்விட்டான் என்றேன்.

"நான் தூங்கலம்மா. ரெண்டு பேரும் படியில சண்டை போட்டுக்கிட்டு வந்தத முழுக்கக் கேட்டேன்."

கூப்பிட்டிருக்கலாமே, கண்ணைத் திறந்திருக்கலாமே என்று கேட்டேன். மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. நான் முடித்து வைக்கவில்லை.

"தொறந்தா நிறுத்திடுவீங்க. ரெண்டு பேரும் நல்ல பிள்ளையா உக்காந்துக்குவீங்க."

அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே தூங்கினார்.